ஏலத்துக்கு வந்த வீடும் அதன் கதவும்

வீட்டை ஏலத்தில் விடும் பேச்சு எழுந்த மறுநாள் காலை, அதன் வாசல் கதவு காணாமல் போயிருந்தது. யாரும் கழற்றிக்கொண்டு போகவில்லை. கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. அதே மஞ்சள் பூச்சு, கூடவே பல வருஷத்து மழைக்கறையும். தையல்கார அக்கா பதறவில்லை. கம்பியில்லாத சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டு ஏறி இறங்கினாள். வாடிக்கைக்காரர்களும் துணியையும் அளவுச் சட்டையையும் அது வழியாகவே நீட்டப் பழகிக்கொண்டார்கள்.

வீடு அவளுக்கும் பல் வைத்தியரான தம்பிக்கும் அப்பா விட்டுப்போனது. அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்; வேறு ஊரில் மருத்துவமனை தொடங்கும் அவசரம் அவனுக்கு. "ஒரே நாள் வேலை, அக்கா. சுத்தியலத் தட்டினா முடிஞ்சுது. தரகர் கையில குடுத்தா இழுத்துக்கிட்டே கிடக்கும்" என்றான். வாங்குகிறவர் வீட்டை இடித்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை. எதற்கும் அவசரப்படாததால் 'நிதானம்' என்று பெயர் வாங்கியிருந்த வீட்டுத் தரகர் ஜன்னலோரம் வந்து சொன்னார்: "ஏலத்துல விலை தெரியும்மா, ஆள் தெரியாது. என்கிட்ட விட்டா ரெண்டையும் பாத்துக்கலாம். ஆனா நாளாகும்."

தம்பியின் பேச்சே எடுபட்டது. ஏலக்காரர் மூழ்கிய படகைக்கூட விற்றுக் காட்டியவர்; கதவில்லாததைக் கண்டு அசரவில்லை. "தெருத் தூசி உள்ள வராத வீடு!" என்று கூவினார். இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பும் யோசனையோடு ஒரு கட்டட முதலாளி கை தூக்கினார். கை மேலே போனதும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சுவராகின. அக்கா உள்ளே இருந்தாள். தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. தம்பி சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தான். "அக்கா! ஏலமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், நிறுத்துங்கய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். சுத்தியல் பாதியில் நின்றது. ஜன்னல்கள் திரும்பி வந்தன. அவள் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, "ஏண்டா கத்துற? இருட்டாயிடுச்சேன்னுதான் தைக்கிறத நிறுத்தினேன்" என்றாள். அவன் முக்காலியில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதான்.

அதற்குப் பிறகு வீடு நிதானத்தின் கைக்கு வந்தது. இரண்டு வருஷம், வெயிலிலும் மழையிலும் ஒவ்வொருவராக அழைத்து வந்தார். பொய் சொல்லி விற்கும் பழக்கம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை. "முதல்லயே சொல்லிடறேன், இந்த வீட்டுக்குக் கதவு கிடையாது" என்றுதான் ஆரம்பிப்பார். பாதிப் பேர் அப்படியே திரும்புவார்கள். மீதிப் பேர் சதுர அடி கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். அவர் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு மருத்துவச்சி, சக்கர நாற்காலியில் மாமனாரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வீட்டைப் பற்றி எதுவும் கேட்காமல் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இத்தன நாளா ஏறி எறங்கிட்டா இருக்கீங்க? முட்டி வலிக்கலையாக்கா?" என்றாள். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. "வலிக்காம என்ன, உயிர் போகுது" என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குமுன், படியே இல்லாத பக்கச் சந்தில், நாற்காலி நுழையும் அகலத்துக்கு ஒரு கதவு வந்திருந்தது. மாமனார் தாமே சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மருத்துவச்சி கொடுத்தது, கட்டட முதலாளி கேட்டதைவிடக் கொஞ்சம் குறைந்த விலைதான். தம்பி அந்த விலைக்கே கையெழுத்துப் போட்டான். தன் மருத்துவமனைக்கு மேலேயே அக்காவுக்கு வெளிச்சமான அறை ஒன்று பார்த்துக் கொடுத்தான். கதவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திறக்கும்போது கொஞ்சம் கிறீச்சிடுகிறது, எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமனார்.