இருபத்து மூன்றாம் பக்கம்

தலைமையாசிரியை ஜெயராணிக்கு இதுவரை பத்துக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்பது போய்ச் சேர்ந்தது. பத்துக்கும் நகல் இருக்கிறது. கடலூரில் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். நகல் வைக்காமல் எதையும் அனுப்பிப் பழக்கமில்லை.

முதல் கடிதம் ஆடி மாதக் கடைசியில் எழுதியது. ஆறாம் வகுப்பில் இருக்கும் என் மகள் அறிவுமதியால் ஒரு வரியைச் சேர்ந்தாற்போல் வாசிக்க முடியவில்லை, நாலாவது சொல்லிலேயே கண் ஜன்னலுக்குப் போய்விடுகிறது, அரையாண்டுப் பரீட்சைக்குள் சரியாகாவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். சிதம்பரத்தில் நியூரோஃபீட்பேக் என்று மூளை அலையை அளந்து கவனத்தைப் பழக்கும் பயிற்சியில் சேர்த்திருக்கிறேன், வாராவாரம் முன்னேற்றத்தை எழுதுகிறேன், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதினேன்.

சனிக்கிழமைதோறும் பஸ். முந்தின நாளே தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப்போக வேண்டும். எண்ணெய் இருந்தால் ஒயர் ஒட்டாது. பயிற்சி கொடுக்கும் பிரிசில்லா தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டுவாள். எதிரே கம்ப்யூட்டர் திரையில் ஒரு படகு. கவனம் நின்றால் ஓடும், சிதறினால் நின்றுவிடும். இருபது நிமிடம் அது. பிறகு பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். நான் செல்போனில் நேரம் பார்த்துக் குறித்துக்கொள்வேன்.

வாரம் ஒரு புதுப் பக்கம் கொண்டுவரச் சொன்னாள் பிரிசில்லா. நான் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்துக்குப் பக்கம் கஷ்டம் மாறினால் எதை எதோடு ஒப்பிடுவது? அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும் என்று இருபத்து மூன்றாம் பக்கத்தையே வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே ஒருமுறை நிறுத்தி வாசித்துக் காட்டுவேன். ஏழு நிமிடம் ஆறானது, நான்கானது. ஒன்பதாவது கடிதத்தில் ஒரு நிமிடம் ஐம்பது வினாடி என்று எழுதினேன். அடுத்த வாரம் திங்கட்கிழமை அழைத்து வாருங்கள், நானே கேட்டு முடிவு சொல்கிறேன் என்று பதில் வந்தது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஃபேன் காற்றில் தாள் புரண்டது. விரல் இருபத்தைந்தாம் பக்கத்து வரிகள்மேல் ஊர்ந்தது. வாய் இருபத்து மூன்றைச் சொல்லி முடித்தது. ஒரு சொல் பிசகவில்லை.

பிரிசில்லா புத்தகத்தை மூடினாள். நாலு நிமிடம் உட்காராத பெண் இருபது நிமிடம் உட்காருகிறாள், அது பொய்யில்லை, வாசிப்பது வேறு, அதற்குத் தனியாக உழைக்க வேண்டும் என்றாள். பள்ளியில் சொல்லிவிடுங்கள் அக்கா என்றாள்.

திரும்பும் பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் அறிவுமதி என் பக்கம் திரும்பினாள்.

“படகு நெசமாவே ஓடிச்சிம்மா.”

“படிக்கிறப்ப என்னா ஆவுது?”

“எழுத்தப் பாத்தா ஒண்ணோட ஒண்ணு கலந்துக்குது. நீ படிச்சது காதுல இருக்கு, அதச் சொல்றேன். நீதான வேற பக்கம் வேணாம்ன?”

ஞாயிற்றுக்கிழமை பத்தாவது கடிதத்தை எழுதினேன். பொருள்: முந்தைய ஒன்பது கடிதங்களில் கண்ட நேரக் கணக்கு தவறு என்பது குறித்து. மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

ஜெயராணியின் மேசைமேல் என் ஒன்பது கடிதங்களும் தேதிவாரியாகக் கோத்து வைக்கப்பட்டிருந்தன. இப்படி எழுதும் தாயை இருபது வருடத்தில் பார்த்ததில்லை என்றார். புத்தகத்தை வாங்கி அவரே இருபத்து மூன்றாம் பக்கத்தை விரித்தார். என் விரல் கைப்பையின் ஜிப்பில் இருந்தது. அறிவுமதி என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒரு நிமிடம் நாற்பது வினாடி.

இங்கேயே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஜெயராணி அவள் கன்னத்தைத் தட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“வெள்ளிக்கெழம பெற்றோர் கூட்டம். இவளப் படிக்க வெப்போம், நீங்களும் நாலு வார்த்த பேசுங்க. இதே பக்கம் வேணாம், மனப்பாடம்னு சொல்லிடுவாங்க. முப்பத்தொண்ணு வெச்சிக்கலாம்.”

சரிங்க மேடம் என்றேன். அது என் வாயிலிருந்துதான் வந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அறிவுமதி புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“நடுவுல மூணு நாளு இருக்குதும்மா. நீ படி.”

கடிதம் கைப்பையில்தான் இருந்தது. நான் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்து, முதல் வரியை நிறுத்தி வாசித்தேன். அவள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இருபது நிமிடம் அசையவே இல்லை.