பீரோ மூன்றாம் மாடிக்குப் போன கதை

பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு மெழுகக்கா என்று பெயர். காலை முதல் மாலை வரை யார் யார் வாய்க்கோ மெழுகில் பல் செதுக்கிக் கொடுப்பவள். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது, களிமண்ணை எடுத்துக்கொள்ளும். பின் அறை மேசைமேல் அட்டையில் ஒரு மாடிப்படி கட்டி, இரண்டு களிமண் ஆட்களை நிறுத்தியிருந்தாள். நெட்டையனும் குட்டையனும் ஒரு பீரோவை மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் போகிறார்கள். படம் அவ்வளவுதான். கையை நூலளவு நகர்த்தி ஒரு போட்டோ, முட்டியை நூலளவு மடக்கி ஒரு போட்டோ; எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினால் பொம்மைகள் தாமே நடப்பதுபோல் தெரியும். விடுமுறை நாள் முழுக்க முதுகு ஒடிய உட்கார்ந்தால் இருவரும் ஒரு படி ஏறுவார்கள்.

"அந்த வீட்ல ஒரு லிஃப்ட் போட்டா உன் படம் அன்னிக்கே முடிஞ்சிடும்," என்பார் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர்.

யார் கேட்டார்கள் இந்தப் படத்தை என்றால், யாரும் கேட்கவில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது.

வம்பு நாத்தனார் வழியாக வந்தது. அண்ணி வேலை செய்வதைப் பின்னால் நின்று போனில் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டாள். ஊர் உலகமே பார்த்துவிட்டது. அன்றிலிருந்து மெழுகக்காவும் மேசையோரம் போனை வைத்துக்கொண்டாள். ஒரு போட்டோ எடுப்பாள்; போன் மினுக்கென்று ஒளிரும்; யாரோ ஏதோ எழுதியிருப்பதைப் படிப்பாள். திரும்பினால் குட்டையனின் இடது கையை நகர்த்தினோமா இல்லையா என்பது மறந்திருக்கும். குத்துமதிப்பாக நகர்த்துவாள். ஓட்டிப் பார்த்தால் தேள் கொட்டியவன்போல் அவன் துள்ளுவான். அன்றைய பாடு அத்தனையும் பாழ்.

பிறகு மரச்சாமான் கம்பெனியிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்தார்.

"ரெண்டு பேரும் எங்க பீரோவைத் தூக்கிட்டுப் போகணும் மேடம். சிரிச்சுக்கிட்டே போய் சட்டுனு உள்ள வெச்சிடணும்."

"வாசல் சின்னதுங்க. பீரோ உள்ள போகாது. கதையே அதுதான்."

"எங்க பீரோ போகும் மேடம்," என்றார் அவர், மனம் நொந்தவர்போல.

நாத்தனார் கண்ணாலேயே கெஞ்சினாள். மெழுகக்காவுக்கோ முகத்துக்கு நேரே மறுத்துப் பழக்கமில்லை. தலையை ஆட்டிவிட்டாள். லீவு போட்டுச் செய்து கொடுத்தாள். பீரோ வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. விளம்பரம் எங்கு பார்த்தாலும் ஓடியது. "மெழுகக்கா, உங்க ஆளுங்க வந்துட்டாங்க," என்று கூடத்தில்கூடப் போனைத் தூக்கிக் காட்டினார்கள். அவள் பார்த்தும் பாராமல் கையிலிருந்த மெழுகுப் பல்லைச் செதுக்கினாள்.

மறுமாதம் கம்பெனிக்காரர் அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார். "பொம்மைங்களும் எங்களுக்குத்தான்னு அன்னிக்கே பேசினோமே மேடம்."

பேசியதுதான். இவள்தான் காதில் வாங்கவில்லை. குட்டையனின் முழங்கை நொய்ந்திருந்ததால் பஞ்சு சுற்றி அனுப்பினாள்.

அட்டைப் படிக்கட்டின் நடுவே அவளுடைய பழைய பொம்மை பீரோ மட்டும் நின்றது. வெகுநாள் அவள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சோபாவில் சரிந்து அடுத்தவர்களின் வீடியோக்களைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். எதைப் பார்த்தோம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஒரு விடுமுறை நாள் காலையில், விளக்குமாறோடு உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். டீயை உறிஞ்சியபடி கணவர் எட்டிப் பார்த்தார்.

"கொண்டு வந்தவனுங்க பாதியில விட்டுட்டுப் போய்ட்டானுங்க. இனிமே வீட்டுக்காரங்கதானே தூக்கணும்," என்றார், யார் வீட்டுச் சங்கதியோபோல.

மெழுகக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "டீயைக் கீழ வைங்க. நம்ம பீரோவைக் கொஞ்சம் தூக்குங்க."

"எதுக்கு? உள்ள துணியெல்லாம் இருக்கு."

"இருக்கட்டும். முட்டி எப்படி மடங்குதுன்னு பார்க்கணும்."

இடுப்பு போய்விடும் என்று முனகிக்கொண்டே அவர் ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் அவள் பிடித்தாள். ஒரு சாண் தூக்குவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றார்கள்.

அன்று கொண்டை அவிழ்ந்த ஒரு களிமண் பெண்ணும், தொந்தியுள்ள ஓர் ஆணும் பிறந்தார்கள்.

"எனக்குத் தொந்தி இவ்ளோவா இருக்கு?"

"கொறைச்சுதான் வெச்சிருக்கேன்."

போனை அடுக்களையில் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். சில நாள் அங்கேயே இருந்தது. சில நாள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றெல்லாம் ஒரு கை துள்ளியது. திரும்ப எடுத்தாள்.

ஒருவழியாகப் படம் முடிந்தது. கணவனும் மனைவியும் முக்கி முனகி பீரோவை மூன்றாம் மாடி வாசலுக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். அது உள்ளே போகவில்லை. நடையிலேயே இறக்கி வைக்கிறார்கள். அவள் பீரோ கதவைத் திறந்து உள்ளிருந்து துண்டை எடுத்து நீட்ட, அவன் முகத்தைத் துடைத்துக்கொள்கிறான்.

நாத்தனார் கடைசிவரை பார்த்தாள். "பாவம், ரொம்பக் களைச்சிட்டாங்க," என்றாள். "போட்டுடவா அண்ணி?"

"போடு."

பெரும்பாலோர் தாண்டிப் போனார்கள். நெட்டையன் எங்கே, ஏன் சிரிக்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். நாத்தனார் ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினாள்.

"போதும்மா. அப்புறம் படி," என்று மெழுகக்கா சோபாவில் காலை நீட்டிக் கண்ணை மூடினாள். தோள் இரண்டும் கடுத்தன. தூக்கம் வந்து அமுக்கும் நேரம், கணவர் தன் தங்கையிடம் மெதுவாகச் சொல்வது காதில் விழுந்தது.

"சத்தத்தைக் கொறைச்சிட்டுப் படத்தை முதல்லேர்ந்து ஒருவாட்டி போடு."