கிராணியார் மகனின் பிடில்

மலாய் நாட்டில், பாயா ரும்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் சின்னப்பன் கிராணியாராக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தார். பால்மரம் வெட்டியவரின் மகன், படித்து ஆபீஸ் நாற்காலிக்கு வந்தவர். மூத்தவன் பால்ராஜுக்கும் இருபது வயதில் அதே ஆபீஸில் சின்னக் கிராணி வேலை வாங்கிக் கொடுத்தார். அது 1934ஆம் வருஷம்.

பால்ராஜின் மனம் பிடிலில் இருந்தது. உம்பாய்க் கடற்கரையில் மீன் பிடிக்கும் தொமிங்கோ என்ற, போர்த்துகீசிய வழிவந்த சட்டைக்கார நண்பனோடு சேர்ந்து கல்யாணங்களில் ஆட்டத்துக்கு வாசிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போனவன் மறுநாள் காலைப் பெரட்டுக்குத் திரும்பவில்லை. வரிசையில் நிற்கும் வேலையாட்களைப் பேர் கூப்பிட வேண்டியவன் அவன்தான். வெள்ளைக்காரத் தொரை நிற்க, ஆட்கள் சிரிக்க, சின்னப்பனே பேர் கூப்பிட்டார்.

மத்தியானம் மகன் வந்ததும் பிடிலைப் பெட்டியோடு பிடுங்கி அலமாரி மேல் வைத்தார்.

"இனிமே ஆபீஸா, இதுவா, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"இதுதாம்பா," என்றான் பால்ராஜ். அன்றைக்கே வெறுங்கையோடு உம்பாய்க்குப் போய்விட்டான்.

ஆறு வாரம் வீட்டில் பேச்சு இல்லை. மனைவி சவரியம்மாள் சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். ஒருநாள் பெருமழையில் கூரை ஒழுகி அலமாரி மேல் சொட்டியது. சின்னப்பன்தான் முதலில் ஓடினார். பெட்டியை இறக்கி, கழற்றிப் போட்டிருந்த தன் சட்டையாலேயே பிடிலைத் துடைத்தார். சவரியம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் பெட்டியோடு பஸ் ஏறினார். பக்கத்தில் இருந்த மலாய்க்காரர், "நீங்க வாசிப்பீங்களா?" என்று கேட்டார்.

"என் மகன் வாசிப்பான்," என்று மலாயில் பதில் சொன்னார். அப்படிச் சொன்னது அவருக்கே புதிதாக இருந்தது.

பால்ராஜ் கைலியோடு தொமிங்கோ வீட்டு முன்னால் இறால் காயவைத்துக்கொண்டிருந்தான். வெயிலில் கறுத்துப்போயிருந்தான். அப்பாவைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"மழையில நனைஞ்சிடுச்சு. கெட்டுப்போச்சான்னு பாரு."

கையைக் கழுவிவிட்டு வந்து தந்திகளைத் திருகிப் பார்த்தான். "கெடலப்பா."

"அப்ப வாசி. கேக்கறேன்."

துள்ளலான கல்யாணப் பாட்டு ஒன்றை வாசித்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். முடிந்ததும் சின்னப்பன் கிட்டே வந்து கேட்டார்.

"எத்தனை வருஷமா வாசிக்கிறே?"

"மூணு வருஷமா."

"வீட்டுல ஒருநாளும் கேக்கலையே."

"பதினெட்டாம் நம்பர் ரப்பர்க் காட்டுல போய் வாசிப்பேன். சாயங்காலம் அங்க யாரும் வரமாட்டாங்க."

சின்னப்பன் நிமிர்ந்து பார்த்தார். "அடப்பாவி! அந்தக் காட்டுல பேய் அழுவுதுன்னு ஆளுங்க வேலைக்குப் போக மாட்டேன்னாங்க. நானே தொரைக்கு இங்கிலீசுல எழுதிக் குடுத்தேன்டா!"

பால்ராஜ் வாயைப் பொத்திக்கொண்டான். முதலில் சிரித்தது அப்பாதான். பிறகு இரண்டு பேருக்கும் அடக்க முடியவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: "ஆபீசுக்கு வரமாட்டே?"

"வரலப்பா. காலைல வலை, சாயங்காலம் பிடிலு. எனக்கு இது நல்லாருக்கு."

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்காச்சும் வா. உங்கம்மா என்கிட்ட பேசி ஆறு வாரமாச்சு."

அடுத்த ஞாயிறு இறால் பொட்டலத்தோடு பால்ராஜ் வந்தான். சவரியம்மாள் வாய் ஓயாமல் பேசினாள். சாப்பாட்டு நடுவில் பதினேழு வயது மகள் பாட்ரீசியா மெல்ல ஆரம்பித்தாள்.

"அப்பா, அண்ணன் நாற்காலி காலியாத்தானே இருக்கு? எனக்கு இங்கிலீசு நல்லா எழுத வரும்."

சின்னப்பன் கையில் எடுத்த சோற்றோடு மகளைப் பார்த்தார். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். எதிரே மகனும் மனைவியும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முதல்ல சாப்பிடும்மா," என்றார். "நாளைக்குத் தொரைகிட்ட கேட்டுப் பாக்கறேன்."