ஏழாம் வாய்ப்பாடு

படிவத்தில் இருந்த கேள்விகளுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். போன மாதம் இருமல் வந்ததா? இல்லை. தூக்கம் கெட்டதா? இல்லை. பள்ளிக்கு விடுப்பு? ஒரு நாள்கூட இல்லை. ஆஸ்துமா பிரிவின் நர்ஸ் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தார். என் எட்டு வயது மகள், வீட்டில் நாங்கள் கூப்பிடுவது வாலு, பக்கத்து நாற்காலியில் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இருமல் நின்று இரண்டு மாதமாகிறது. காலையும் மாலையும் உறிஞ்சவேண்டிய மருந்தை நானாகவே நிறுத்தியிருந்தேன். அதையும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை.

"படிவத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் எல்லார்கிட்டயும் இன்னொண்ணு கேப்பேன். முன்னாடி செஞ்சிட்டிருந்து, இப்ப பிள்ளை விட்டுட்டது ஏதாவது உண்டா?"

"என் ஜோக்குக்குச் சிரிக்கிறத விட்டுட்டா, சிஸ்டர். சலூன் வச்சிருக்கேன். கத்தி என் கையில இருக்கறதால கஸ்டமர் எல்லாம் சிரிச்சுடுவாங்க. இவதான் மசிய மாட்டேங்கறா."

நர்ஸ் சிரிக்காமல் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அப்பா ஜோக்கு அவ்வளவு மோசமா?"

வாலு என்னைப் பார்த்தாள். பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கும். சிரிச்சா இருமல் வரும். இருமினா அப்பா பயந்து கடையச் சாத்திடுவாரு. ஒரு தடவ பாதி முடி வெட்டுன ஆளயே எழுப்பி அனுப்பிட்டாரு. அதான் அப்பா ஆரம்பிச்சதும் மனசுக்குள்ள ஏழாம் வாய்ப்பாடு சொல்லுவேன். சிரிப்பு வராது."

பள்ளி விட்டுக் கடை மூலையில் உட்காரும் அவளுடைய உதடுகள் அசைவதைக் கண்ணாடியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். படிக்கிறாள் என்று நினைத்தேன். பள்ளியிலிருந்து ஓடாமல் நடந்து வந்தபோது, பிள்ளைக்கு நிதானம் வந்துவிட்டது என்றேன். பிடரியில் ஒரு மயிரிழை ஏறியிருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் எனக்கு.

நர்ஸ் மூச்சின் வேகத்தை அளக்கும் முள் வைத்த குழாய் ஒன்றை நீட்டினார். "முழு மூச்சா ஊதுடா கண்ணு." மூன்று முறை ஊதினாள். முள் மூன்று முறையும் பாதி வழியிலேயே நின்றது.

"இப்படிச் சத்தமில்லாம இருக்கற பிள்ளையத்தான் சார், ஒருநாள் திடீர்னு மூச்சு முட்டித் தூக்கிட்டு ஓடி வருவாங்க. நல்லவேளை, இன்னிக்கு நடந்து வந்திருக்கீங்க. டாக்டரப் பாத்துட்டு மருந்த மறுபடி ஆரம்பிங்க. இனிமே நீங்களா நிறுத்தாதீங்க."

டாக்டரைப் பார்த்த பிறகு, மருந்து கொடுக்குமிடத்தில் எங்கள் எண் வரும்வரை பெஞ்சில் இருந்தோம். எதிரில் ஒருவருக்குக் கிருதா ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பழக்கதோஷம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்த மாமாவப் பாரேன். வெட்டினவரு பாதியில கடையச் சாத்திட்டாரு போல."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் உதடுகள் அசையத் தொடங்கியிருந்தன.

"எதுல இருக்க?"

"ஏழஞ்சு."

"மெதுவா சொல்லு. அப்பா இங்கதான் இருக்கேன். கடை தொறந்துதான் இருக்கு."

முப்பத்தைந்து, நாற்பத்திரண்டு என்று நானும் கூடவே முணுமுணுத்தேன். அவள் என் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுடைய உதட்டோரம் மட்டும் அடங்காத சிரிப்பில் என் தோலில் துடித்துக்கொண்டிருந்தது.