ஆயுத பூஜையில் அகப்பட்ட சாக்ஸபோன்

எட்வர்டுக்கு இரண்டு வேலை. கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றில் கான்ட்ராக்டில் பழைய இரும்பு தள்ளுவான். முகூர்த்த நாளில் பொன்னேரி பேண்டு செட்டில் சாக்ஸபோன் ஊதுவான். ஒன்று உடம்பைத் தின்றது, மற்றது மூச்சைத் தின்றது. இரண்டும் சேர்ந்து போட்ட சோறு அரை வயிற்றுக்குத்தான் கண்டது. அதனால் பெர்மனென்ட் என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்கு வாயில் எச்சில் ஊறும்.

இரண்டாயிரத்தாறு ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மேனேஜர் பூவராகவன் அவனைக் கூப்பிட்டார்.

"முதலாளிக்கு சாக்ஸபோன்னா உசுரு. நாளைக்கு சாயங்காலம் வர்றாரு. நல்லா ஊதி மனசைக் குளிர வை. உன் பெர்மனென்ட்டை நான் அவர் காதுல போடறேன்."

மறுநாள் வாத்தியத்தை ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டு, கரியைக் கழுவக் குழாயடிக்குப் போனான் எட்வர்ட். திரும்பி வந்தபோது அது ஸ்பேனர்களுக்கு நடுவே மாலையும் கழுத்துமாக நின்றது. விரல் வைத்து அழுத்தும் சாவிக்குச் சாவி சந்தனம், குங்குமம். கற்பூரம் அணைந்து புகைந்துகொண்டிருந்தது. நல்ல நேரம் முதலாளிக்காகக் காத்திருக்காதாம். ஸ்டோர் கீப்பர் அருணாச்சலம் படைத்து முடித்துவிட்டார்.

"இன்னாண்ணே இது! எடுத்துக் குடு, ஊதணும்."

"படைச்சாச்சுபா. நாளைக்குக் காலீல வரிக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது."

"இது ஆயுதமாண்ணே? வாத்தியம்ணே!"

"உனுக்கு சோறு போடுதா இல்லியா? அப்போ ஆயுதந்தான்."

"அங்க உலை எரிஞ்சினுதானே கீது?"

உலையை அணைத்தால் நஷ்டம். அதனால் உலைக்கும் அதில் இரும்பு தள்ளுகிறவர்களுக்கும் மட்டும் சாமி விலக்கு கொடுத்திருந்தது.

பஞ்சாயத்து பூவராகவனிடம் போனது. பேண்டு மாஸ்டர் சொல்லிக் கொடுத்த சரித்திரத்தை எட்வர்ட் அவிழ்த்துவிட்டான்.

"பெல்ஜியத்து ஆளு சார், அடால்ஃப் சாக்ஸ்னு பேரு. பித்தளையோட கணீரும் வேணும், புல்லாங்குழலோட நெளிவும் வேணும்னு பண்ணாரு. மொதல்ல சேத்துக்கினதே பிரெஞ்சுப் பட்டாளம் சார்."

"பட்டாளமா?" அருணாச்சலம் துள்ளினார். "பாத்தியா சார்! பட்டாளத்துல இருந்துகீது. ஆயுதமேதான்!"

எட்வர்ட் நாக்கைக் கடித்துக்கொண்டான். சுதாரித்து, பையிலிருந்து ரீடை எடுத்து நீட்டினான்.

"சத்தம் பொறக்கறது இந்த நாணல் சீவல்ல சார். ஒடம்பு பித்தளையா இருந்தாலும் இத மர வாத்தியத்துலதான் சேத்துகிறாங்கோ."

"பித்தளையாப் பொறந்துட்டு மரம்னு எங்கய்யா சர்டிபிகேட் வாங்குச்சு?" என்றார் பூவராகவன்.

அப்பன் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கியதால் சாதி சர்டிபிகேட்டுக்கு இன்னும் தாலுகா ஆபீஸில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற எட்வர்ட், ரீடைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான்.

"அப்புறம் அந்த சாக்ஸ் இன்னா ஆனாரு?"

"போட்டிக்காரங்கோ கேஸ் மேல கேஸாப் போட்டாங்கோ சார். திவாலாயிட்டாரு."

"ராசி வேற இல்லியா!" பூவராகவன் கையைப் பிசைந்தார்.

அதற்குள் கார் வந்துவிட்டது. முதலாளி நேராகச் சாக்ஸபோன் முன்னால் போய் நின்றார்.

"யாருது இது?"

"நம்ம கான்ட்ராக்ட் லேபர் ஒருத்தனுது சார். ஊதுடான்னேன். பூஜையில வச்சதை உசுரே போனாலும் தொடமாட்டேன்னுட்டான்," என்றார் பூவராகவன், கண் இமைக்காமல்.

மறுக்கப் போன எட்வர்ட் கையைக் கட்டிக்கொண்டான். ஒருவேளை இந்தப் பொய்யிலாவது பெர்மனென்ட் வருமோ?

முதலாளி உருகிப்போனார். "இந்தக் கட்டுப்பாடுதான்யா எனக்கு வேணும்! இந்த வாத்தியத்தை வெளிய விடாதே. ஆபீஸ் வாசல்ல கண்ணாடிப் பெட்டி செஞ்சு வை. வர்ற கஸ்டமர் பாக்கட்டும்."

"பெர்மனென்ட்டா வச்சிடலாம் சார்," என்றார் பூவராகவன்.

எட்வர்டின் கையில் ஒரு பொரிப் பொட்டலம் திணிக்கப்பட்டது. முதலாளி காருக்கு நடந்தார்.

எட்வர்ட் பொட்டலத்தை ஸ்பேனர்கள் மேல் வைத்தான். மாலையைக் கழற்றினான். சாக்ஸபோனைத் தூக்கிக் கழுத்தில் மாட்டினான். அருணாச்சலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"டேய், எங்கடா தூக்கினு போற?" பூவராகவன் பாய்ந்தார்.

"இதுக்குத்தான பெர்மனென்ட் குடுத்தீங்கோ? வேலை வாணாவாம் சார் இதுக்கு. ராஜினாமா பண்ணுது."

"நாளைலருந்து நீயும் கேட்டுக்குள்ள கால வைக்காத!"

"செரி சார்."

கேட்டைத் தாண்டியதும் ரீடை நாக்கில் நனைத்துப் பொருத்தி ஊதினான். சாவிகளில் சந்தனம் காய்ந்து பாதி மூடவில்லை, பாதி திறக்கவில்லை. எருமை கத்தியது போல ஒரு சத்தம் கிளம்பி ரோடு முழுக்கப் பரவியது.

பக்கத்தில் வந்த கார் மெதுவானது. முதலாளி கண்ணாடியை இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டபடியே போனார்.