கத்தரித்த மறுநாள்

அக்டோபர் பிறந்ததிலிருந்து ஜெனிவீவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிராஞ்சியில் அவள் வேலை பார்க்கும் பண்ணைக்குப் போகிற வழியெல்லாம் கைபேசியில் வானிலையைப் பார்ப்பாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் மறுபடியும் பார்ப்பாள்.

பண்ணையில் பதினோரு அங்கோரா ஆடுகள் இருந்தன. முடிக்காக வளர்க்கப்படுபவை. பட்டுப்போல மின்னும் சுருள்முடி ஆறு மாதத்தில் முக்கால் சாண் வளர்ந்துவிடும். வறண்ட நாட்டு ஆடுகளுக்குச் சிங்கப்பூரில் இரண்டே பருவங்கள்தான்: முடி வெட்டிய பிறகு, முடி வெட்டுவதற்கு முன். வெட்டியதும் துள்ளித் திரியும். முடி வளர வளர மின்விசிறிக்கு அடியில் மூச்சிரைத்துக் கிடக்கும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் டேவிட் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து வெட்டிவிட்டுப் போவார். இந்தத் தடவை அவருக்குத் தோளில் அறுவை சிகிச்சை. ஜனவரியில்தான் வருவேன் என்று எழுதிவிட்டார்.

“ஜனவரிதானே, வெயிட் பண்ணுவோம் லா,” என்றார் குலசிங்கம். கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றவர். பண்ணை அவருடையது. ஆடுகளுக்கு யீஷூன், பீஷான், நொவீனா என்று எம்.ஆர்.டி. ரயில் நிலையங்களின் பெயர்களை வைத்தவரும் அவர்தான்.

“அதுக்குள்ள மழை வந்துடும் அங்கிள். நனைஞ்ச முடி சிக்குப் பிடிச்சா ஈ மொய்க்கும்.”

“கொட்டகைக்குக் கூரை இருக்குல்ல?”

கூரை இருந்தது. பக்கச் சுவர் இல்லை.

பண்ணைக்கு வருமுன் ஜெனிவீவ் பதினாறு ஆண்டுகள் லிட்டில் இந்தியாவில், டன்லப் தெரு அழகு நிலையம் ஒன்றில் முடி வெட்டியவள். சிக்கு விழுந்த முடியைப் பார்த்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. அந்த வாரம் நொவீனாவின் வாலுக்குக் கீழே முடியை விலக்கிப் பார்த்தாள். ரவைபோல ஈ முட்டைகள் அப்பியிருந்தன. பொரித்தால் புழுக்கள் தோலைத் தின்னும். நொவீனா சினையாக இருந்தது.

“மருந்து அடி,” என்றார் குலசிங்கம், தொலைபேசியில் வேறு யாருடனோ பேசிக்கொண்டே. “சினை ஆட்டுல கத்திரி வைக்காதே. இன்னும் பத்து நாள்ல குட்டி போட்டுடும்.”

மருந்து அடித்தாள். மறுநாள் தொடையில் இன்னோர் இடத்தில் முட்டைகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோயிலில் பூசை முடிந்ததும், கணவன் மார்வினை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே டன்லப் தெருவுக்கு நடந்தாள்.

“ஆட்டுக்கா?” அழகு நிலையக்காரி நூருன்னிசா வாய்விட்டுச் சிரித்தாள். ஆனாலும் இருப்பதிலேயே நீளமான இரண்டு கத்தரிக்கோல்களை எடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை குலசிங்கம் கண் பரிசோதனைக்குப் போயிருந்தார். ஜெனிவீவ் நொவீனாவைக் கம்பத்தில் கட்டி, நிற்க வைத்தபடியே வெட்ட ஆரம்பித்தாள். மூன்று மணி நேரம் ஆனது. முடி கொத்துக் கொத்தாக விழ விழ, பல வாரங்களுக்குப் பிறகு அவள் கை நிதானத்துக்கு வந்தது. முடிந்தபோது நொவீனா உடம்பே பாதியாகிவிட்டதுபோல, வெளிர் சிவப்புத் தோலும் பெரிய வயிறுமாக நின்றது. புண் எதுவும் இல்லை. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிற்பகலில் குலசிங்கம் வந்து பார்த்தார்.

“யாரைக் கேட்டுச் செஞ்சே?”

“கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க அங்கிள்.”

“அதுக்குத்தானே கேக்கணும்!”

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் மழை. சாதாரண மழையல்ல, காற்றோடு சாய்வாக அடித்தது. ஜெனிவீவ் போய்ச் சேர்ந்தபோது கொட்டகையின் பாதி நனைந்திருந்தது. நொவீனா ஒரு மூலையில் முதுகை வளைத்துக்கொண்டு நடுங்கியது. தீவனத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கால்நடை மருத்துவரை அழைத்தாள். காய்ந்த இடத்தில் சூடாக வைத்திருங்கள், கிளம்பிவிட்டேன், அதற்குள் குட்டி வந்தாலும் வரலாம் என்றார் அவர்.

குலசிங்கம் வந்து தார்ப்பாய் கட்டினார். அவள் வைக்கோலைப் பரப்பினாள். தன் மழைச்சட்டைக்குள் இருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி ஆட்டின் முதுகில் போர்த்தினாள். பதினோரு மணிக்கு முதல் குட்டி விழுந்தது. மூக்கைத் துடைத்தாள், நெஞ்சைத் தேய்த்தாள், காலைப் பிடித்துத் தூக்கி உலுக்கினாள். அது மூச்சே விடவில்லை. இரண்டாவது குட்டி உள்ளங்கைகள் இரண்டில் அடங்கியது. தும்மியது. குலசிங்கம் அதைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

மருத்துவர் பார்த்துவிட்டுப் போனதும் ஜெனிவீவ் டேவிட்டை அழைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. சினை ஆட்டுக்கு அழுக்கான பின்பக்கத்தை மட்டும் வெட்டியிருக்கலாம் என்றார். மழைக்காலத்தில் எந்த ஆட்டுக்கும் முதுகெலும்பு நெடுக ஓர் அகலப் பட்டை முடியை விட்டுவிட வேண்டும், அதுதான் குளிரைத் தாங்கும் என்றார். ஐந்து நிமிடப் பேச்சு. முந்தைய வாரமே பேசியிருக்கலாம். அவரும் வேண்டாம் என்றுவிடுவாரோ என்ற பயத்தில் பேசாமல் இருந்தாள்.

“என்னாலதான் அங்கிள்,” என்றாள். இறந்த குட்டி இன்னும் வைக்கோலில்தான் கிடந்தது.

குலசிங்கம் சட்டைக்குள் இருந்த குட்டியைக் குனிந்து பார்த்தார். “உன்னாலதான்,” என்றார். பிறகு, “முட்டை இருக்குன்னு நீ சொன்னப்ப நான் எழுந்து வந்து பார்க்கவே இல்ல. அதுவும் இருக்கு,” என்றார்.

வியாழக்கிழமை அவரே யீஷூனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். “இத எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?” நாளுக்கு ஒன்றாக மீதிப் பத்தையும் வெட்டினார்கள். அவர் தலையைப் பிடித்துக்கொள்வார், அவள் முதுகுப் பட்டையை விட்டுவிட்டு வெட்டுவாள். பட்டை கோணல் என்று அவர் சொல்வார். நீங்க ஆட்டை நேரா பிடிங்க என்று அவள் சொல்வாள். யீஷூனின் தொடைச் சிக்குக்குள் புழுவே இருந்தது. அதைப் பார்த்த பிறகு அவர் கோணல் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நொவீனா ஒரு வாரம் கழித்துத்தான் ஒழுங்காகத் தின்றது. குட்டிக்கு முதல் நான்கு நாள் புட்டியில்தான் பால்.

டிசம்பரில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. இரண்டாவது நாள் அவளுக்கு விடுமுறை. காலையிலிருந்து சுவா சூ காங் வட்டாரத்தில் இருந்த வீட்டில் சன்னலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

“இன்னிக்கு உனக்கு ஆஃப்தானே?” என்றான் மார்வின், அவள் குடையை எடுப்பதைப் பார்த்து.

“சும்மா ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்.”

பண்ணை வாசலில் குலசிங்கத்தின் கார் ஏற்கெனவே நின்றது.