மௌனிகா மீட்பு விழா

தமிழினத்தின் வரலாற்றில் சில நாட்கள் கல்லில் பொறிக்கத்தக்கவை. அப்படியொரு நாள் கேரள எல்லையிலிருக்கும் எருத்தேன்பதிப் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. முதலில் அது ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. மைக்செட்காரருக்கு அன்றைக்கு ஒரு காதுகுத்து அமைந்துவிட்டதால் வரலாறு வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

வரலாற்றுக்குக் காரணமான மௌனிகாவுக்குப் பத்து வயது. ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. வாய்க்கணக்கில் கெட்டி, ஆட்டுக்குட்டிகளுக்குப் பெயர் வைப்பதில் அதைவிடக் கெட்டி. எழுத்து மட்டும் அவளிடம் நிற்காது. நேற்று பழகிய 'ம' இன்றைக்கு ஊருக்குப் புதுசாக வந்த ஆள் மாதிரி அவளைப் பார்க்கும். இரண்டாம் வகுப்புக் கடைசியில் ஒரு மருத்துவ முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்த டாக்டர் மலையாளத்தில் இருபது கேள்வி கேட்டார். மௌனிகா ஒன்றுக்கும் வாய் திறக்காமல் மேசை ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கற்றல் குறைபாடு என்று சர்டிபிகேட் வந்தது. அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் பதினோரு மணிக்கு அவளுக்காகவே சிறப்புப் பயிற்சி கொடுக்கும் ஆன்மேரி டீச்சர் ஸ்கூட்டரில் வரத் தொடங்கினார்.

ஆன்மேரி உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த தமிழ்ப்பெண். வந்தவுடன் செய்த முதல் வேலை, அதே பரீட்சையைத் தமிழில் மறுபடியும் வைத்தது. டாக்டர் பேசிய மொழிதான் தப்பு, கண்ட குறையில் தப்பில்லை என்று தெரிந்தது. பிறகு இரண்டு வருஷம், உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருந்த மூலை அறையில், ஒவ்வொரு எழுத்தாக அவளுக்குப் பிடித்துக் கொடுத்தார்.

மௌனிகாவின் அப்பா ரத்தினசாமிக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பும் இரண்டு கறவை மாடும் இருந்தன. தினமும் காலையில் டீக்கடையில் செய்தித்தாளை முழு அகலத்துக்கு விரித்து, தங்க ஃப்ரேம் கண்ணாடி வழியாக அரை மணி நேரம் பார்ப்பார். "நாடு எங்க போயிட்டிருக்குதுன்னே தெரியலீங்க" என்று பெருமூச்சோடு மடித்து வைப்பார். அது உண்மைதான். அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கண்ணாடி பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கியது, பவர் இல்லாதது. கையெழுத்தை மட்டும் படம் வரைவதுபோல் வரையப் பழகியிருந்தார். இந்த விஷயம் ஊரில் மனைவி மருதாத்தாளைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளுக்கும் படிக்க வராது. ஆனால் அவள் அதை மறைத்ததில்லை.

போன கார்த்திகையில் ஒருநாள் மௌனிகா மாட்டுச்சாலையில் உட்கார்ந்து தீவனச் சாக்கின்மேல் விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். ரத்தினசாமி தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதுபோல் நின்று கேட்டார். நாலு நிமிஷம் ஆனது. "கன்றுகளுக்கு மட்டும்" என்று முடித்தாள். சாக்கில் மாட்டுப் படம் போட்டிருந்ததை நம்பி, ஆறு வருஷமாக அதைத்தான் அவர் கறவை மாடுகளுக்குக் கலக்கி வைத்துக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி மகள் தட்டில் இன்னொரு தோசையை அவரே போட்டார்.

இப்படி நடந்துகொண்டிருந்த கதைக்குள்தான் மோகனசுந்தரம் வந்தார். உரக்கடைக்காரர். கிழக்கெல்லைத் தமிழர் உரிமை மன்றத்தின் நிறுவனர், தலைவர், பொருளாளர். மலையாளத்தில் பரீட்சை வைத்துத் தமிழ்க் குழந்தைக்குக் குறை என்று எழுதிவிட்டார்கள் என்ற செய்தி இரண்டு வருஷம் தாமதமாக அவர் காதில் விழுந்தது. விழுந்த மறுநாளே ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டு, ரத்தினசாமியிடம் அனுமதி கேட்க வந்தார்.

"இது உங்க புள்ள பிரச்சினை இல்லீங்க ரத்தினசாமி. இனத்தோட பிரச்சினை. அந்தக் கிளாசிலிருந்து புள்ளைய எடுத்துப்போடோணும்."

அந்த டீச்சரே தமிழ்தானுங்களே என்று ரத்தினசாமி மெல்லக் கேட்டுப் பார்த்தார். அது மலைத் தமிழ், நம்முடையது சமவெளித் தமிழ் என்று தலைவர் விளக்கினார். பார்க்கலாமுங்க என்று சொல்லி அனுப்பினாலும், மன்றத்தின் பேச்சு ரத்தினசாமிக்குள் இனிக்காமல் இல்லை. டீக்கடையில் பெரியமுத்து, "உங்க புள்ளைக்கு மட்டும் தனி டீச்சராமுங்க, ராஜகுமாரிக்கு வெக்கிற மாதிரி" என்று சிரித்தது அவருக்கு மறக்கவில்லை. குறை மகளுடையது அல்ல, மலையாளத்தினுடையது என்று ஆகிவிட்டால் யாரும் அதன் வேரைத் தேடிக்கொண்டு அப்பன்வரை வரமாட்டார்கள்.

மருதாத்தாள் பால் கறந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அவ படிக்கட்டுமுங்க. உங்களையாட்டம் கண்ணாடி போட்டுட்டுத் திரிய வேண்டாம்."

மன்றத்தின் புகாரால் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டனுப்பியிருந்த அன்றைக்குக் காலையில் ரத்தினசாமி முடிவு செய்துவிட்டார். வகுப்பு தொடரட்டும். அந்த முடிவோடுதான் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

ஹெச்.எம். அறையில் ஆன்மேரி டீச்சர் இருந்தார். மௌனிகா மேசையோரம் நின்றாள். யாரும் அழைக்காமலே மோகனசுந்தரமும் துண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் நிதானமாக எடுத்துச் சொன்னார். பிள்ளை இப்போதுதான் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள், இன்னும் இரண்டு வருஷமாவது வேண்டும். பேர் சலுகைப் பட்டியலில் இருந்தால் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கும். இப்போது விட்டால் பிடித்த எழுத்தும் கையைவிட்டுப் போய்விடும். பிறகு ஒரு தாளை நீட்டினார்.

"இதுல ரெண்டு கட்டம் இருக்குங்கய்யா. எது வேணுமோ அதுல டிக் போட்டு ஒப்பு போடுங்க. மலையாளத்துல இருந்தா செரமப்படுவீகன்னு உங்களுக்காகத் தமிழ்லயே அடிச்சிருக்கேன்."

அந்த அம்மாளின் நல்ல மனசு ரத்தினசாமியின் கடைசிச் சாக்குப்போக்கையும் பிடுங்கிக்கொண்டது. மலையாளம் தெரியாது என்று சொல்வது இந்தப் பக்கத்தில் கௌரவம். தமிழ் தெரியாது என்று சொல்ல முடியாது. சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து, கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். அப்போ நானே வாசிக்கிறேன் என்று டீச்சர் தாளை எடுத்தார்.

மோகனசுந்தரம் நிமிர்ந்தார். "ஒரு தமிழனுக்கு நீங்க தமிழ் வாசிச்சுக் காட்டறீங்களா டீச்சர்?"

தாள் ரத்தினசாமியிடமே திரும்பி வந்தது. இரண்டு வரிகள். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே வளைந்து நெளிந்தன, முடிவில்தான் வேறுவேறாகப் பிரிந்தன. எது தொடர, எது விலக என்று தெரியவில்லை. மௌனிகா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து முதல் வரியில் விரலை வைத்தாள். "சி... றப்... புப்... ப... யிற்... சி..."

இன்னும் ஒரு சொல். ரத்தினசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த விரலையே பார்த்தார்.

"போதும் கண்ணு, உன்னைய இனி யாரும் இப்படி வதைக்க மாட்டாங்க" என்று தலைவர் கனிவோடு விரலை எடுத்து விட்டார்.

அரசாங்கம் ஜனங்களுக்கு நல்லதை எப்போதும் கடைசியில்தான் வைக்கும் என்பது ரத்தினசாமியின் அனுபவம். இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார். கீழே தன் பெயரை வரைந்தார். எட்டிப் பார்த்த மோகனசுந்தரம் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கியபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது.

டீச்சர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நெசமாவே இதுதானாங்கய்யா?"

மாற்றிக்கொள்ள அப்போதும் நேரம் இருந்தது. படிக்கத் தெரியாமல் போட்டுவிட்டேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். நாற்பத்தெட்டு வயதுவரை மறைத்து வைத்த வரி அது.

"ஆமாங்க" என்றார்.

டீச்சர் தன் பையிலிருந்து மௌனிகாவின் நோட்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கி, செவ்வாய்க்கிழமை கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். டீச்சர் ஸ்கூட்டர் சாவியைத் தேடி எடுத்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விழா தொடங்கியது. ஃபிளெக்ஸில் மௌனிகாவின் படம் சின்னதாகவும் மோகனசுந்தரத்தின் படம் பெரிதாகவும் இருந்தன. அவள் ஒரு பாட்டை மனப்பாடமாக ஒப்பித்தாள். இவளையா படிக்கத் தெரியாதவள் என்றார்கள் என்று தலைவர் கேட்க, கூட்டம் கை தட்டியது. அவள் இடையிடையே ரோட்டைப் பார்த்தாள். ஸ்கூட்டர் அந்த நேரத்தில் பக்கத்து நல்லேப்பிள்ளி ஊருக்கு வேறொரு பிள்ளைக்காகப் போய்க்கொண்டிருந்தது. பாராட்டு மடலை ரத்தினசாமியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அவர் கண்ணாடியை மாட்டி வெகுநேரம் அதைப் பார்த்தார். கண் கலங்கியது. இன உணர்வு என்று சபை நெகிழ்ந்தது.

ஓணம் லீவு முடிந்த வாரத்தில் கடையிலிருந்து ஒரு புதுச் சாக்கு வந்தது. அதில் மாட்டுப் படம் இல்லை, எந்தப் படமும் இல்லை. ரத்தினசாமி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மௌனிகாவைக் கூப்பிட்டார். அவள் முதல் எழுத்தில் விரலை வைத்தாள். உதடு அசைந்தது. விரல் அடுத்த எழுத்துக்குப் போய், திரும்பி வந்தது. பிறகு அவள் கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"தெரியலீங்கப்பா."

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அவர் சாக்கைப் பிரித்து மாட்டுக்குக் கலக்கி வைத்தார்.

அது முட்டைக்கோழித் தீவனம். மாட்டுக்கு மூன்று நாள் பேதியாகக் கழிந்தது.